காலி நிலம் யாருடையது?

ஒரு நாட்டின் ஜனாதிபதியைப் பதவியில் இருந்து இறக்க என்ன வேண்டும்? தேர்தல் வேண்டும். இல்லாவிட்டால் ராணுவம் வேண்டும். மடகாஸ்கர் நாட்டில் ஒரு குத்தகைச் செய்தியும் அந்த வேலையில் பங்கு எடுத்துக்கொண்டது!

மடகாஸ்கர் எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்கா கண்டத்துக்குக் கிழக்கே, இந்துமாக் கடலில் இருக்கும் பெரிய தீவு அது. உலகத்தில் உள்ள தீவுகளில் பரப்பளவில் நான்காவது. அங்கே நம்மைப்போலவே சோறு சாப்பிடுகிற மக்கள் வாழ்கிறார்கள். மலைச்சரிவில் படி படியாக நெல் வயல்களைப் பார்க்கலாம்.

2008-ம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டனில் இருந்து வெளிவரும் ஒரு பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. தென்கொரியாவைச் சேர்ந்த தேவூ லாஜிஸ்டிக்ஸ் என்ற கம்பெனி மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போகிறது என்பதே செய்தி. ஒரு ஹெக்டேர் என்றால் சுமார் இரண்டரை ஏக்கர். அதாவது 32 லட்சம் ஏக்கர்! தீவில் உழக்கூடிய நிலத்தில் ஏறக்குறையப் பாதி என்று கணக்குச் சொன்னார்கள்.

எத்தனை ஆண்டுக்கு? 99 ஆண்டுக்கு.

எவ்வளவு குத்தகைப் பணம்? பணம் எதுவும் கிடையாது; சாலை போடுவோம், வேலை கொடுப்போம், அதுவே போதும் என்று கம்பெனித் தரப்பில் சொன்னதாக அந்தப் பத்திரிகை எழுதியது. விளைவதோ மக்காச்சோளமும் பாமாயிலும். அது போகும் இடம் கொரியா.

"ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. ஆராய்ச்சிதான் நடக்கிறது" என்று சர்க்கார் விளக்கம் சொல்லிப் பார்த்தது. யார் கேட்பார்கள்? தன் நாட்டு நிலத்தைப் பற்றிய செய்தியை, அந்நிய நாட்டுப் பத்திரிகை சொல்லித்தான் மடகாஸ்கர் மக்கள் தெரிந்துகொண்டார்கள். கோபத்துக்கு அந்த ஒரு காரணமே போதும்.

முன்னோர் மண்

அந்த மக்களுக்கு நிலம் என்றால் நெல் விளையும் இடம் மட்டும் அல்ல. 'தனிந்த்ரசானா' என்று ஒரு சொல் அவர்கள் மொழியில் இருக்கிறது. 'முன்னோர்களின் மண்' என்று பொருள். தீவின் நடுவே உள்ள மேட்டு நிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்பக் கல்லறையைத் திறப்பார்கள். இறந்துபோன தாத்தா, பாட்டியின் உடல்களை வெளியே எடுப்பார்கள். புதுத் துணி சுற்றுவார்கள். மேளம் கொட்டி, விருந்து வைத்து, மறுபடியும் உள்ளே வைப்பார்கள். அப்படிப்பட்ட மண்ணை 99 ஆண்டுக்கு அந்நியரிடம் கொடுத்தால் சும்மா இருப்பார்களா?

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் மார்க் ரவலோமனனா. பால், தயிர் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்து அரசியலுக்கு வந்தவர். அவர் மீது மக்களுக்கு வேறு கோபங்களும் இருந்தன. தலைநகரின் மேயராக இருந்த ஆண்ட்ரி ரஜோலினாவின் டெலிவிஷன் நிலையத்தை அவர் மூடியிருந்தார். தனக்கு என்று புது விமானமும் வாங்கியிருந்தார். எல்லாம் சேர்ந்து 2009 ஜனவரியில் கிளர்ச்சி வெடித்தது. பிப்ரவரி 7-ந் தேதி அரண்மனைக் காவலர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பலர் செத்து விழுந்தனர். மார்ச் 17-ந் தேதி ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார்.

ராணுவத்தின் ஆதரவோடு நாற்காலியில் ஏறிய ரஜோலினா முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கொரியக் கம்பெனியின் திட்டம் ரத்து என்று அறிவித்தது.

நிலத்தால் மட்டும் அந்த ஆட்சி கவிழ்ந்தது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். ஆனால் நிலச் செய்தி வந்திராவிட்டால் கோபம் அவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்பது சந்தேகமே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே ரவலோமனனா ஆட்சியில்தான் 2005-ம் ஆண்டு ஒரு நல்ல சட்டம் வந்தது. அதுவரை மடகாஸ்கரில் பத்திரம் இல்லாத நிலம் எல்லாம் சர்க்கார் நிலம் என்று கருதப்பட்டது. புதுச் சட்டம் அதை மாற்றியது. பத்திரம் இல்லாவிட்டாலும், உழுது அனுபவித்து வருபவனுக்கு உரிமை உண்டு என்று அது சொன்னது. ஊருக்கு ஊர் சிறிய நில அலுவலகம் திறந்து, அக்கம்பக்கத்தாரைச் சாட்சி வைத்து, சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கை சான்றிதழ் எழுதிக்கொண்டு இருந்தது. மற்றொரு கை 32 லட்சம் ஏக்கருக்குப் பேரம் பேசிக்கொண்டு இருந்தது! இந்த இரண்டு கைகளுக்கும் ஒன்றை ஒன்று தெரியாமல் போனதுதான் நாம் இன்று பேசப்போகும் விஷயம்.

எதற்காக இந்த ஓட்டம்?

கொரியாக்காரர் ஏன் அவ்வளவு தூரம் போனார்?

2007, 2008-ம் ஆண்டுகளில் உலகம் முழுவதும் உணவுப் பண்டங்களின் விலை ஏறியது. உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிட்டது. தன் மக்களுக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. வியட்நாமும் கட்டுப்பாடு போட்டது. எகிப்தில் ரொட்டிக்கு வரிசை நின்றது. கேமரூனில் கலகம் நடந்தது. ஹெய்ட்டி நாட்டில் பிரதம மந்திரியின் பதவியே போயிற்று.

உணவை வெளியில் இருந்து வாங்கிச் சாப்பிடும் நாடுகள் பயந்தன. "பணம் இருந்தும் தானியம் கிடைக்கவில்லையே! இனி வெளிநாட்டில் நாமே நிலம் எடுத்துப் பயிர் செய்வோம்" என்று கிளம்பின. அரபு நாடுகள் கிளம்பின. கொரியா கிளம்பியது. இந்தியக் கம்பெனிகளும் கிளம்பின. நிலம் எங்கே மலிவு? எல்லோரும் ஆப்பிரிக்காவைக் கைகாட்டினார்கள்.

2008 அக்டோபருக்குப் பின் ஓராண்டுக்குள் உலகெங்கும் பேசப்பட்ட இப்படிப்பட்ட நிலப் பேரங்களை உலக வங்கி கணக்கு எடுத்தது. 2010-ல் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் சுமார் 11 கோடி ஏக்கர்! அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் ஆப்பிரிக்காவில். அதற்கு முன்பு உலகத்தின் விவசாய நிலப் பரப்பு சராசரியாக ஆண்டுக்கு ஒரு கோடி ஏக்கர்கூடக் கூடியது இல்லை.

அந்த அறிக்கையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேரம் பேசிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில்தான் உழவு வேலை தொடங்கியிருந்தது. இது ஒன்று. மற்றொன்று இன்னும் முக்கியம். எந்த நாட்டில் நில உரிமைச் சட்டம் பலவீனமாக இருக்கிறதோ, அந்த நாட்டைத்தான் முதலாளிகள் அதிகம் தேடிப் போனார்கள். வேலி இல்லாத தோட்டத்தில்தானே மாடு புகும்!

காலி என்று சொன்னது யார்?

ஆப்பிரிக்காவின் கிராமப்புற நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு எழுத்தில் எந்தப் பத்திரமும் இல்லை என்று உலக வங்கி நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். அப்படியானால் அது யாருக்கும் சொந்தம் இல்லாத நிலமா? இல்லை. ஊருக்குச் சொந்தம். குடும்பத்துக்குச் சொந்தம். ஊர்த் தலைவரும் பெரியவர்களும் சேர்ந்து, "இந்த ஓடையில் இருந்து அந்தப் புளியமரம் வரை உனக்கு" என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு துண்டில் மூன்று நான்கு ஆண்டு பயிர் செய்வார்கள். மண் களைத்துப்போனால் அதைப் பல ஆண்டு சும்மா போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். போட்ட துண்டு காடாகி, மறுபடியும் பலம் பெறும். அதுவரை அங்கே ஆடு மாடு மேயும். பெண்கள் விறகு பொறுக்குவார்கள். மருந்து இலை பறிப்பார்கள்.

ஆகாயத்தில் இருந்து படம் எடுத்தால் அது 'காலி'. ஊரில் போய்க் கேட்டால் ஒரு முழம்கூடக் காலி இல்லை!

இந்தக் 'காலி' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் ஆண்ட நாடுகளில், "ஆள் இல்லாத, சொந்தக்காரன் இல்லாத நிலம் எல்லாம் சர்க்காருக்கு" என்று சட்டம் போட்டார்கள். ஆங்கிலேயர்கள் பல இடங்களில் "மன்னர் நிலம்" என்றார்கள். பத்திரம் என்பதையே அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். பிறகு பத்திரம் எங்கே என்று கேட்டவர்களும் அவர்கள்தான்.

1960-ஐ ஒட்டி ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் அடைந்தன. கொடி மாறியது. பாட்டு மாறியது. நிலச் சட்டம் மட்டும் பல நாடுகளில் மாறவில்லை. மன்னர் நிலம் சர்க்கார் நிலம் ஆயிற்று, அவ்வளவுதான். சர்க்கார் நிலம் என்றால் மந்திரி ஒரு கையெழுத்தில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அங்கே உழுதுகொண்டு இருப்பவனிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

திட்டத்தில் விட்டுப்போனது

2003-ம் ஆண்டு ஜூலை மாதம் மொசாம்பிக் நாட்டின் தலைநகரான மபூட்டோவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். பெரிய முடிவு ஒன்றை எடுத்தார்கள். ஒவ்வொரு நாடும் தன் பட்ஜெட்டில் நூற்றுக்குப் பத்து ரூபாயை விவசாயத்துக்கு ஒதுக்க வேண்டும். கண்டம் முழுவதுக்கும் ஒரே விவசாய வளர்ச்சித் திட்டம். அதன்படி ஒவ்வொரு நாடும் தனக்கு ஒரு முதலீட்டுத் திட்டம் எழுத வேண்டும்.

நல்ல முடிவு. அதற்கு முன்னால் பல நாடுகள் விவசாயத்தை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. (சொன்னபடி பத்து ரூபாய் ஒதுக்கிய நாடுகள் சிலவே என்பது வேறு கதை.)

ஆனால் முதலில் எழுதிய திட்டங்களில் என்ன இருந்தது? விதை இருந்தது. உரம் இருந்தது. சாலை, சந்தை, ஆராய்ச்சி எல்லாம் இருந்தன. 'நிலம்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. அது மண்ணின் வளத்தையும் தண்ணீரையும் பற்றியது. அந்த மண் யாருடையது என்ற கேள்வி பெரும்பாலும் ஓரத்தில் கிடந்தது. விவசாய மந்திரி ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து முதலீட்டுத் திட்டம் எழுதுவார். நில மந்திரி இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்து சட்டம் எழுதுவார். முதலீட்டை வரவேற்கும் அலுவலகம் மூன்றாவது கட்டடத்தில்! வெளிநாட்டுக்காரர் வந்தால் மூன்றாவது கட்டடத்துக்கு நேராகப் போவார்.

விளைவு என்ன ஆயிற்று? எத்தியோப்பியாவில் நடந்ததைப் பாருங்கள். அதில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார்.

ரோஜாக் கம்பெனியின் சோளக் காடு

பெங்களூரில் காருதூரி என்று ஒரு கம்பெனி. ரோஜாப் பூ வியாபாரம். கென்யா நாட்டிலும் பெரிய பண்ணை வாங்கி, உலகத்திலேயே அதிகமாக ரோஜா வளர்க்கும் கம்பெனி என்று பெயர் எடுத்தது. பூவில் இருந்து தானியத்துக்கு மாற ஆசை வந்தது.

எத்தியோப்பியாவின் மேற்குக் கோடியில், தெற்கு சூடான் பக்கம், கம்பெல்லா என்று ஒரு மாநிலம். பாரோ ஆறு பாயும் சமவெளி. அனுவாக், நுவேர் என்ற இன மக்கள் வாழும் இடம். 2010-ல் அங்கே இந்தக் கம்பெனிக்கு ஒரு லட்சம் ஹெக்டேர் குத்தகைக்குக் கிடைத்தது. ஏக்கரில் சொன்னால் இரண்டரை லட்சம்! ஒழுங்காகப் பயிர் செய்தால் இன்னும் இரண்டு லட்சம் ஹெக்டேர் கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. குத்தகைக் காலம் 50 ஆண்டு.

வாடகை எவ்வளவு தெரியுமா? ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர். பிர் என்பது அந்த ஊர் நாணயம். அன்றைய மதிப்பில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் அளவுதான் வரும். அந்தக் காசுக்கு அன்று நம் ஊர் ஓட்டலில் ஒரு சாப்பாடுகூடக் கிடைத்திருக்காது.

அனுவாக் மக்கள் ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைப்பவர்கள். உள்ளே காட்டில் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்பவர்கள். அவர்கள் விட்டு வைத்த நிலம் தலைநகரில் இருந்தவர்களின் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது. எத்தியோப்பியாவின் 1995-ம் ஆண்டு அரசியல் சட்டப்படி நிலம் எல்லாம் அரசுக்கும் மக்களுக்கும் பொது. விற்கவோ வாங்கவோ முடியாது. உழும் உரிமை மட்டும் உண்டு. அந்த உரிமையும் கம்பெல்லாவில் காகிதத்தில் எழுதப்படவில்லை.

அதே சமயத்தில் சர்க்கார் இன்னொரு வேலையும் தொடங்கியது. அங்கங்கே சிதறி வாழும் 45 ஆயிரம் குடும்பங்களை மூன்று ஆண்டுக்குள் புதுக் கிராமங்களில் குடியேற்றும் வேலை. பள்ளிக்கூடம், தண்ணீர், ஆஸ்பத்திரி கொடுக்கத்தான் இது. மக்கள் விரும்பித்தான் வருகிறார்கள். குத்தகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது சர்க்கார். மனித உரிமை அமைப்புகள் போய் விசாரித்தபோது, எங்களை மிரட்டி அப்புறப்படுத்தினார்கள் என்று பலர் சொன்னார்கள். பகை வளர்ந்தது. 2012 ஏப்ரலில் அதே மாநிலத்தில் நெல் பயிரிட வந்த 'சவூதி ஸ்டார்' என்ற கம்பெனியின் முகாமை ஆயுதம் தாங்கியவர்கள் தாக்கினார்கள். ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். கூலிக்கு வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். எந்தப் பேரத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல.

பெங்களூர்க் கம்பெனி என்ன ஆயிற்று? 2011-ல் பாரோ ஆறு பெருகியது. மக்காச்சோளம் மூழ்கியது. அந்தச் சமவெளி மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போகும் என்பது கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்! 2015 டிசம்பரில் எத்தியோப்பிய சர்க்காரே குத்தகையை ரத்து செய்தது. சர்க்கார் சொன்ன காரணம்: கொடுத்தது ஒரு லட்சம் ஹெக்டேர், பண்படுத்தியது 1,200 ஹெக்டேர்தான். கம்பெனி மறுத்துப் பேசியது. ஆனாலும் கதை அத்தோடு முடிந்தது.

கணக்குப் பார்த்தால், முதலாளிக்குப் போட்ட பணம் போயிற்று. சர்க்காருக்கு வருமானம் இல்லை. ஊர்க்காரனுக்குக் காடும் போயிற்று, வேலையும் வரவில்லை.

ஆச்சரியம் என்ன என்றால், இதே எத்தியோப்பியாவில் மேட்டு நில மாநிலங்களில் மிக நல்ல வேலை ஒன்று நடந்திருந்தது. 1998-ல் திக்ரே மாநிலத்தில் தொடங்கி, பிறகு அம்ஹாரா, ஒரோமியா என்று பரவியது. கிராமத்திலேயே குழு அமைத்து, கயிறு பிடித்து அளந்து, கோடிக்கணக்கான துண்டு நிலங்களுக்கு மிகக் குறைந்த செலவில் உரிமைப் புத்தகம் கொடுத்தார்கள். அம்ஹாராவில் அந்தப் புத்தகத்தில் புருஷன் படமும் பெண்டாட்டி படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்! புத்தகம் கிடைத்தவன் தைரியமாக மண்ணைக் கொட்டி வரப்பு உயர்த்தினான், மரம் நட்டான். மேட்டில் செய்யத் தெரிந்ததைக் கம்பெல்லாவில் ஏன் முதலில் செய்யவில்லை? வெளிநாட்டுக்காரர் கேட்ட இடம் கம்பெல்லா. அங்கே அவசரம் முந்திக்கொண்டது.

ஒரு கடிதம்

சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? மொசாம்பிக்கின் 1997-ம் ஆண்டு நிலச் சட்டத்தை எல்லா நிபுணர்களும் புகழ்வார்கள். பத்து ஆண்டு நல்லெண்ணத்தோடு உழுதவனுக்குப் பத்திரம் இல்லாமலே உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொல்லும் சாட்சியே செல்லும். நிலம் கேட்டு வரும் கம்பெனி ஊராரைக் கலந்து பேச வேண்டும்.

நடப்பில் கலந்து பேசுவது எப்படி? கார் வரும். அதிகாரி இறங்குவார். ஊர்த் தலைவரையும் சிலரையும் கூட்டி, ஒரே நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கார் திரும்பிவிடும். பல ஊர்களில் இதுதான் நடந்தது.

அந்த நாட்டின் வடக்கே நக்காலா என்ற துறைமுகம் இருக்கிறது. அதை ஒட்டி உள்ளே போகும் பெரும் பகுதியில், ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் மூன்றும் சேர்ந்து 'புரோசவானா' என்று ஒரு திட்டம் போட்டன. சுமார் மூன்றரைக் கோடி ஏக்கர் பரப்பைத் தொடும் திட்டம். முன்பு ஜப்பான் உதவியோடு பிரேசில் தன் புல்வெளிகளைச் சோயா வயலாக மாற்றியிருந்தது. அதே மாதிரி இங்கேயும் செய்யலாம் என்று நினைத்தார்கள். ஆனால் பிரேசில் புல்வெளியில் ஜனங்கள் குறைவு. நக்காலாப் பக்கத்தில் லட்சக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்கள்! 2013 மே மாதம் விவசாயிகள் சங்கமும் மற்ற அமைப்புகளும் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதின. எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்துக்குத் திட்டமா என்பதே கடிதத்தின் சாரம். திட்டத்தைத் திருத்தினார்கள். மறுபடியும் திருத்தினார்கள். கடைசியில் 2020-ல் கைவிட்டார்கள். கிட்டத்தட்டப் பத்து ஆண்டு வீண்.

அடிபட்ட பிறகு

அடிமேல் அடி விழுந்ததும் தலைவர்களுக்குப் புரிந்தது. மடகாஸ்கர் கலகம் நடந்த அதே 2009-ம் ஆண்டு ஜூலையில், லிபியாவின் சிர்ட் நகரத்தில், ஆப்பிரிக்க ஒன்றியம் நிலத்தைப் பற்றி ஒரு பிரகடனம் செய்தது. நிலச் சட்டங்களைச் சீர்திருத்த வேண்டும், பெண்களின் நில உரிமையைப் பலப்படுத்த வேண்டும், நில நிர்வாகத்துக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும் என்றது. 2012 மே மாதம் ரோம் நகரில் உலக உணவுக் குழு, நில உரிமைக்கு வழிகாட்டி விதிகளை ஏற்றுக்கொண்டது. பத்திரம் இல்லாத வழக்கமான உரிமையையும் மதிக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். 2014-ல் பெரிய நில முதலீடுகளுக்கு என்றே ஆப்பிரிக்க ஒன்றியம் தனி விதிகள் வகுத்தது.

இவை எல்லாம் கட்டாயம் அல்ல. மீறினால் தண்டனை கிடையாது. அதனால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. ஊர்க்காரன் ஒருவன் அதிகாரியிடம், "உங்கள் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்று காட்டுவதற்கு ஒரு காகிதமாவது கிடைத்தது.

பணத்தோடு சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டாவைப் பார்க்க வேண்டும். சின்ன நாடு. மலை மேல் மலை. ஜன நெருக்கம் மிக அதிகம். 1994-ல் இனப் படுகொலை நடந்த நாடு. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தபோது ஒரே வயலுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். 2009-ல் இருந்து 2013 வரை நாடு முழுவதும் நிலத்தைப் பதிவு செய்தார்கள். விமானத்தில் இருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கிராமத்துக்குக் கொண்டு போனார்கள். உள்ளூர் வாலிபர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நிலத்துக்காரர் ஒரு பக்கம், அண்டை வயல்காரர்கள் மறுபக்கம் நிற்க, வரப்பில் நடந்து, படத்தில் கோடு போட்டார்கள். பிறகு ஊர் அறியப் பட்டியல் ஒட்டினார்கள். ஆட்சேபம் வந்தால் ஊர் மத்தியஸ்தர்கள் தீர்த்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள்! ஒரு துண்டுக்கு ஆன செலவு 6, 7 டாலர்தான். அன்றைய மதிப்பில் 350 ரூபாய் அளவு.

குறை இல்லையா? உண்டு. சட்டப்படி பதிவு செய்யாத கலியாணம் என்றால் மனைவியின் பெயர் ஏறுவது கஷ்டமாக இருந்தது. முதல் பதிவு மலிவு. பிறகு விற்றாலும், பாகம் பிரித்தாலும் பெயர் மாற்றக் கட்டணம் அதிகம். கால் ஏக்கருக்கும் பத்து ஏக்கருக்கும் ஒரே கட்டணம்! ஏழைகள் பலர் மாற்றாமலே விட்டுவிட்டார்கள். பத்திரம் கைக்கு வந்தாலும், இந்த மலையில் இந்தப் பயிர்தான் என்று சர்க்கார் சொன்னபடி விதைக்க வேண்டியிருந்தது.

பெண்களின் பங்கு

ஆப்பிரிக்காவில் களை எடுப்பதும், விதைப்பதும், தானியம் குத்துவதும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் நிலத்தைப் பற்றிப் பேச ஊர் கூடும்போது கூட்டத்தின் நடுவில் உட்காருவது ஆண்கள். பல இனங்களில், புருஷன் செத்தால் நிலம் அவன் அண்ணன் தம்பிக்குப் போய்விடும். அவள் தாய்வீடு போக வேண்டியதுதான். ஆகவே "ஊர் வழக்கப்படி உரிமை" என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த வழக்கத்திலேயே அவளுக்குப் பங்கு இல்லை! கம்பெனி வந்து நஷ்ட ஈடு கொடுத்தாலும், அது குடும்பத் தலைவன் கைக்குத்தான் போகும். விறகு பொறுக்கிய காடு போனதற்கு யார் ஈடு தருவார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாடு 2022-ல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது. கம்பெனி நிலம் கேட்டால், ஊர்த் தலைவர் மட்டும் தலையாட்டினால் செல்லாது. நிலத்துக்கு உரிய குடும்பத்தார், ஆண் பெண் இருபாலாரும், விஷயம் தெரிந்து முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான உரிமை உண்டு. கரும்பு, எண்ணெய்ப் பனைத் தோட்டக் கம்பெனிகளோடு பல ஆண்டு போராடிய பிறகு வந்த சட்டம் அது. இப்படிச் சட்டம் போட்டால் யாரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள் என்று சில கம்பெனிகள் முணுமுணுத்தன. கம்பெல்லாவில் எந்தத் தடையும் இல்லாமல் நிலம் வாங்கியவர் எவ்வளவு விளைவித்தார் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

இனி

2025 ஜனவரி மாதம் உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் மறுபடியும் கூடினார்கள். 2026 முதல் 2035 வரை பத்து ஆண்டுக்குப் புதிய விவசாயத் திட்டம். விளைச்சலை நூற்றுக்கு 45 பங்கு கூட்ட வேண்டும். அதற்காக 10 ஆயிரம் கோடி டாலர் முதலீடு திரட்ட வேண்டும். சர்க்கார் பணமும் உண்டு, தனியார் பணமும் உண்டு.

இந்தக் கண்டத் திட்டத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நாடும் தன் சொந்தத் திட்டத்தை எழுத வேண்டும். அந்தக் காகிதம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது விதைக்கும் உரத்துக்கும் எத்தனை கோடி என்பதை அல்ல. கிராமத்து நில அலுவலகத்துக்கு என்று ஒரு வரி இருக்கிறதா, அதற்கு நேராகப் பணம் எழுதியிருக்கிறதா, குத்தகை ஒப்பந்தத்தை ஊரார் படிக்கும்படி அவர்கள் பாஷையில் ஒட்ட வேண்டும் என்று இருக்கிறதா, கம்பெனி இரண்டு ஆண்டு உழாமல் போட்டால் நிலம் திரும்பி யாரிடம் வரும் என்று சொல்லியிருக்கிறதா, இவற்றைத்தான் தேடுவேன். கம்பெல்லாவில் குத்தகை ரத்தானபோது நிலம் சர்க்கார் கைக்குத் திரும்பியது. அனுவாக் மக்கள் கைக்கு அல்ல.